டீச்சரின் வாக்கியங்களில் ஒரு கட்டுரை

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மின்னஞ்சல் என்னைத் திருடன் என்றது. அந்தச் சொல் அதில் இல்லை, மிக மரியாதையான ஆங்கிலம்தான். உங்கள் கட்டுரை குறித்துப் பேச வேண்டும், கல்வி நேர்மை தொடர்பான சந்திப்பு, விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தார்கள். துணைக்கு ஆள் கூட்டி வரச் சொன்னால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரியாதா? கிரான்பர்ன் வீட்டுக் குசினியில் நின்றபடி அதை மூன்று முறை படித்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

குசினி என்பது என் மனைவியின் சொல். அவள் யாழ்ப்பாணம், நான் மதுரைப் பக்கம். சிட்னியில் வேலை பார்த்த காலத்தில் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் அன்னதான வரிசையில் அறிமுகமாகி, கல்யாணம் செய்துகொண்டு, மெல்பர்ன் வந்து சேர்ந்தோம். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எங்கள் வீட்டில் சமையலறை தோற்றுக் குசினி ஜெயித்துவிட்டது. நாற்காலியும் கதிரையும் மட்டும் இன்னும் போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் ரயில் சிக்னல் பொறியாளன். அலுவலகத்தைப் புதிதாக மாற்றி அமைக்கிறோம் என்று சொல்லி, விருப்பமுள்ளவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு விலகலாம் என்றார்கள். நான் விலகினேன். முதல் மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். அதைப் பார்த்த மனைவி, "இஞ்சாருங்கோ, எங்கயாவது போய்ப் படியுங்கோ, என்ர குசினியை விட்டிடுங்கோ" என்றாள். அப்படித்தான் தத்துவம் படிக்கப் போனேன். மகளும் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தான் படிக்கும் இடத்துக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் என்று கெஞ்சியதால் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். பருவத்துக்கு ஒரு பாடம். முதல் பாடம் கிரேக்கத் தத்துவம்.

டீச்சருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவருடைய தாத்தா கிரேக்கத்திலிருந்து வந்து மெல்பர்னில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்றவராம். எங்கள் குடும்பத்தில் தத்துவம் என்னிடமிருந்துதான் ஆரம்பம், அதற்கு முன்னால் எல்லாம் எண்ணெய்ச் சட்டிதான் என்று சிரிப்பார். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுவார். குறிப்பைப் பார்க்கவே மாட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வகுப்புக்கு ஒன்பதரைக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் பன்னிரண்டு பேர், என்னைத் தவிர எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். அவர்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு அந்த வகுப்பு அவ்வளவு பிடித்தது. முப்பது வருடம் கேபிளும் ரிலேயும் பார்த்துத் தேய்ந்த மூளையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி வரும் ரயிலில் டீச்சர் சொன்னதை மனசுக்குள் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்ப்பேன். அவருடைய உரைகளின் எழுத்து வடிவம் வகுப்பு இணையத்தளத்தில் இருக்கும். அதைத் தாளில் அச்செடுத்து, மஞ்சள் மை தடவி, வரி வரியாகப் படித்து வைத்தேன். பருவத்தின் நடுவில் வகுப்பிலேயே அதிகம் பாடம் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு திமிரும் வந்துவிட்டது.

எட்டாவது வாரம் அந்தக் குருவும் மாணவனும் வந்தார்கள். பெயர்கள் வேண்டாம், இரண்டு பேரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். குரு ஏதென்ஸில் ஒரு பள்ளி நடத்தினார். வடக்கேயிருந்து பதினேழு வயதில் அந்த மாணவன் வந்து சேர்ந்தான். குரு இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அங்கேயே இருந்தான். நாம் காண்கிற பொருளெல்லாம் வேறெங்கோ இருக்கிற பூரணமான மூலத்தின் நகல்தான் என்றார் குரு. மாணவனோ கண்முன் இருக்கிற பொருளிலேயே அதன் இயல்பைத் தேடு என்றான். மீனை அறுத்துப் பார்த்தான், முட்டையை உடைத்துக் குஞ்சு வளர்வதைப் பார்த்தான். குரு இறந்ததும் பள்ளி அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. மாணவன் ஊரை விட்டுக் கிளம்பினான்.

டீச்சரின் கட்சி இதுதான்: அந்த மாணவன் கிளம்பிய நாளில்தான் அவன் தத்துவவாதி ஆனான். குருவின் கூரைக்குக் கீழே ஒருவன் தன்னுடைய தலையால் யோசிக்க முடியாது, விலகினால்தான் முடியும். இதைச் சொல்லும்போது அவர் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். நான் அப்படியே குறித்துக்கொண்டேன்.

கட்டுரைத் தலைப்பும் அதுதான்: அந்த மாணவன் தன் குருவுக்கு எந்த வகையில் மாணவனாக இருந்தான்? இரண்டாயிரம் சொற்கள். நான் பரீட்சைக்கு உட்கார்கிறவன் மாதிரி உட்கார்ந்தேன். புத்தகம் எழுதியவர்களை மேற்கோள் காட்டிய இடத்திலெல்லாம் ஒழுங்காக அடிக்குறிப்பு போட்டேன். அதில் ஒரு காற்புள்ளி தவறியிருக்காது. ஆனால் மற்ற வாக்கியங்கள்? அவை டீச்சருடையவை. அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்ன சொல்லில், அவர் சொன்ன உதாரணத்தோடு எழுதினேன். சில இடங்களில் அவர் போட்ட பெருமூச்சைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நாங்கள் படித்தது அப்படித்தான். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பி எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சொந்தமாக இரண்டு வரி சேர்த்தால் அதிகப்பிரசங்கி. யாராவது விடைத்தாளில் "இதை எங்கள் வாத்தியார் சொன்னார்" என்று அடிக்குறிப்பு போடுவார்களா? வாத்தியார் சொன்னதுதான் பாடம், பாடம் வகுப்புக்குப் பொது. அதைவிட, அவருடைய சொற்களை மாற்றுவது எனக்கு மரியாதைக் குறைவாகவும் பட்டது.

மின்னஞ்சலை மகளிடம் காட்டினேன். அவள் என் கட்டுரையைத் திறந்து, டீச்சரின் உரையைப் பக்கத்தில் வைத்து, ஒரு நிமிடம்தான் பார்த்தாள்.

"அப்பா, திஸ் இஸ் லிட்டரலி பிளேஜரிசம்."

"நான் எங்கடி திருடினேன்? அவங்க சொன்னதை அவங்களுக்கே எழுதிக் கொடுத்தேன்."

"சாஃப்ட்வேர்ல போட்டா முக்கால்வாசி மேட்ச் ஆகும். யூ குட் ஃபெயில். ரெக்கார்ட்ல போட்டாங்கன்னா நெக்ஸ்ட் இயர் கன்டின்யூ பண்றதே கஷ்டம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது சுலபம், போவதுதான் கஷ்டம். வாழ்க்கையில் ஒரு பென்சில்கூட அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வராதவன் நான். இதற்குமேல் அங்கே கால் வைக்க மாட்டேன், பணம் போனால் போகட்டும் என்று சத்தம் போட்டேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"களவெடுத்தனீங்களோ?"

"இல்ல."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. போகாட்டில் களவெடுத்தனீங்கள் எண்டுதான் நினைப்பினம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அவள் என் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். கார் நிறுத்துமிடத்தில் தெரிந்த அன்ரி ஒருவர், "தம்பி இந்த வயசிலயும் படிக்கிறாராம், எங்கட ஆக்களுக்குப் பெருமை" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தோற்பது கூடப் பரவாயில்லை. டீச்சர் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

சந்திப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். டீச்சரும், துறையின் பாட ஒருங்கிணைப்பாளரும். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர், நோயாளியிடம் டாக்டர் பேசுகிற குரலில் பேசினார். திரையில் என் கட்டுரை இருந்தது. பொருந்துகிற வரிகளுக்கெல்லாம் வண்ணம் அடித்திருந்தார்கள். வண்ணம் அடிக்காத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"இதை நீங்கள்தான் எழுதினீர்களா?"

"நான்தான்."

"இந்த வாக்கியங்கள் யாருடையவை?"

"அவங்களுடையது" என்று டீச்சரைக் காட்டினேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சொல்ல முடியும், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார். "எட்டு வாரம் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்த மனிதர் என்ன யோசிக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. உங்கள் கட்டுரையைத்தான் முதலில் எடுத்தேன். திறந்தால் நானே உட்கார்ந்திருக்கிறேன்." பிறகு, "குருவோடு ஒத்துப்போகாத மாணவனைப் பற்றிய கட்டுரை இது. அதையாவது கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

சத்தியமாகக் கவனிக்கவில்லை.

அவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நம்புகிறோம் என்றார் ஒருங்கிணைப்பாளர். ஆனால் இது உங்கள் கட்டுரையும் இல்லை. அடுத்த செவ்வாய் வகுப்பில், கையில் தாள் இல்லாமல், பத்து நிமிடம் இதே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். யோசனை உங்களுடையது என்று உங்கள் ஆசிரியருக்குப் பட்டால் புதிதாக எழுத அனுமதிப்போம். இல்லையென்றால் பாடத்தில் தோல்வி, கோப்பிலும் பதிவு. கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

ஒரு வாரம் தயார் செய்தேன். டீச்சரின் கருத்தை வேறு சொற்களில், வேறு உதாரணங்களோடு. வெள்ளிக்கிழமை மனைவியைக் கதிரையில் உட்கார வைத்துச் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உது உங்கட ரீச்சர் சொன்னது. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"எனக்கும் அதுதான் சரின்னு தோணுது."

"சும்மா சொல்லாதேங்கோ. இருபத்திரண்டு வருசத்தில நான் சொன்ன ஒண்டையாவது உடன சரியெண்டு ஒத்துக்கொண்டிருக்கிறியளோ? உப்புப் போதும் எண்டால் காணாது எண்டுவியள். இடப்பக்கம் திருப்புங்கோ எண்டால் வலப்பக்கம் திருப்புவியள். என்னோட சண்டை பிடிக்கிற வாய் அங்க எங்க போச்சுது?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று உடனே எதிர்த்தேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வழக்கம்போல மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளிடம் விவகாரத்தைச் சொல்லவில்லை, இன்று இவர் பேசப் போகிறார் என்று மட்டும் சொன்னார். அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன். நான் எழுந்து நின்றேன். அந்த வகுப்பில் யாரும் நின்று பேசுவதில்லை, எனக்கு உட்கார்ந்தபடி வாத்தியாரிடம் பேச வரவில்லை.

ஆரம்பித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டீச்சர் கையை உயர்த்தினார்.

"இது நான். சட்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். நீங்கள் எங்கே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் சுரீரென்றது. இந்த முறை அந்தக் கோபம் வேறு வழியில் போனது.

"நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு ஆசிரியரிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டபிறகு உட்கார முடியுமா, மேலே பேசினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் சிக்னல். அதையே சொன்னேன். ஒரு சிக்னல் வரைபடத்தை ஒருவர் வரைவார். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார், அவரை செக்கர் என்போம். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது விதி. செக்கரின் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் முதல் வரைபடம் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. இந்த ஆளுக்கு என் மேல் என்ன விரோதம் என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகுதான் புரிந்தது, குற்றம் பார்த்து முடித்ததும் என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போடுகிறார். ரயில் மோதினால் என்னோடு சேர்ந்து அவரும் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் அவரோடு சண்டை போட்டேன். என்றைக்காவது வரைபடம் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் திரும்பி வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும், மனிதர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"அந்த மாணவன் வெளியே போய்த்தான் எதிர்த்தான் என்கிறீர்கள்" என்றேன். "வெளியே போனால்தான் எதிர்க்க முடியும் என்றால் அந்த வீட்டில் ஏன் இருபது வருடம் இருந்தான்? எதிர்க்க முடிந்ததால்தான் இருந்தான். அவன் அந்தப் பள்ளியின் செக்கர். அவனுடைய தலை அவனுடையதாக ஆனது ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் இல்லை, அந்தக் கூரைக்குக் கீழேதான். குரு முதுமையில் தன் கொள்கைக்கு எதிரான கேள்விகளைத் தானே எழுதினார் என்று நீங்களே எட்டாவது வாரம் சொன்னீர்கள். அந்தக் கேள்விகள் அவருக்கு எங்கிருந்து வந்தன? அறையில் யாரோ கேட்டிருக்கிறார்கள்."

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. அதையும் சொல்லிவிட்டேன். "நான் உங்களிடம் ஒரு சிவப்புக் கோடு இல்லாத தாளைக் கொடுத்தேன். மரியாதை என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

டீச்சர் காலை ஆட்டவில்லை. மேசையிலிருந்து இறங்கினார். இறங்கி, நான் நின்றதாலோ என்னவோ, அவரும் நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

"அழகாக இருக்கிறது. ஆதாரம் எங்கே? அவன் குருவின் முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்டான் என்று ஒரு வரி காட்டுங்கள். இருபது வருடமும் முதல் வரிசையில் உட்கார்ந்து உங்களைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கலாமே?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். "தலையாட்டுகிற ஆளுக்கு இத்தனை எதிர்வாதம் எங்கிருந்து வரும்?" என்றேன்.

"வீட்டுக்குப் போய் யோசித்தால் வரும். குருவுக்கும் தன் மேல் தானே சந்தேகம் வரலாம். எல்லோருக்கும் செக்கர் வேண்டும் என்று இல்லை."

"வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது டீச்சர்."

"அது உங்கள் ரயிலுக்கு. தத்துவத்தில் யாரும் மோதிச் சாக மாட்டார்கள்."

இப்படியே போனது. பிள்ளைகள் மடிக்கணினியை மூடிவிட்டுப் பார்த்தார்கள், இரண்டு பேர் என் பக்கம் சேர்ந்தார்கள், ஒரு பெண் டீச்சர் பக்கம் சேர்ந்து என்னை நன்றாக மடக்கினாள். பத்து நிமிடம் எப்போது முடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் கதவுக்கு வெளியே கூடி எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினோம்.

எல்லோரும் போனபின் டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கோப்பில் எதையும் பதியச் சொல்ல மாட்டேன், புதுக் கட்டுரைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"ஆனால் நீங்கள் சொன்னது தவறு. அந்தக் கடைசி வாதம் நிற்காது. எழுதிக் கொண்டு வாருங்கள், எங்கே தவறு என்று காட்டுகிறேன்."

ரயில் நிலையத்துக்கு நடந்தேன். நடைமேடையில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"என்ன மாதிரி? விட்டிட்டினமோ?"

"விட்டுட்டாங்க. ஆனா நான் சொன்னது தப்பாம். டீச்சரே சொல்லிட்டாங்க."

சொல்லும்போதே மறுபடியும் சிரித்துவிட்டேன்.

"பிறகேன் சிரிக்கிறியள்?"

"தப்புன்னா அது அவங்களோடது இல்லையே" என்றேன். "என்னோடதுதானே."